கரிய உள்ள கொண்டாராத கண்ணு

கண்ணு, நேத்து போன்ல நீ சொன்ன ஒரு விஷயம் ராத்திரி பூரா என்ன தூங்க விடல. அங்க டொரண்டோல மழ தூறிச்சு, குளிரு வேற, அதனால கரி கிரில்ல கராஜுக்குள்ள இழுத்து வெச்சி கதவ பாதி தொறந்துட்டு கோழி சுட்டோம்னு சிரிச்சிகினே சொன்ன. உன் கூட இருக்கற பசங்க பின்னாடி கத்திகினு இருந்தாங்க, அந்த சத்தத்துல சொன்னா உனக்கு ஏறாதுன்னு நான் ஒன்னும் சொல்லல, சாப்டியா கண்ணுன்னு மட்டும் கேட்டுட்டு போனை உங்கம்மா கிட்ட குடுத்துட்டேன். இப்ப கடைக்கு போறதுக்கு முன்னாடி உக்காந்துகினு, உங்கக்கா காட்டிக் குடுத்த மாதிரி மைக்க அமுக்கி பேசிகினு இருக்கேன், அதுவே எழுதுது. கொஞ்சம் பெருசா போவும், நடுவுல விட்டுடாம படி.

உனக்கு இதுவரைக்கும் சொல்லாத ஒன்னு இருக்கு. உனக்கு அப்ப ரெண்டு வயசு. தீபாவளிக்கு மூணு நாள் இருக்கு, ஐப்பசி மழ விடாம கொட்டுது, வேலூர் சத்துவாச்சாரியில நம்ம இஸ்திரி வண்டி நிக்கற புளியமரத்தடியில முட்டி அளவு தண்ணி. துணி மட்டும் மூட்ட மூட்டையா வந்து கெடக்குது, எல்லாருக்கும் பண்டிகைக்குள்ள வேணும். வேற வழியில்லாம இஸ்திரி பெட்டியையும் கரி மூட்டற கும்மட்டியையும் நம்ம ஒரே ரூம் வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன். சாரல் அடிச்சி தேச்ச துணி நனையுதேன்னு சன்னல சாத்தினேன், கொஞ்ச நேரம் போயி கதவையும் சாத்தினேன். புகையெல்லாம் வெளியவே போக விட்டுட்டு நல்லா கனிஞ்ச கரியதான் உள்ள கொண்டாந்தேன், அதனால ஒன்னும் ஆகாதுன்னு நெனச்சேன். ராத்திரி பத்து பதினோரு மணி இருக்கும், உங்கம்மா தல வலிக்குதுன்னா, மழக்காத்துக்கு வலிக்கும் படுன்னு சொன்னேன். எனக்கும் கண்ணு ரெண்டும் சொழட்டற மாதிரி இருந்துச்சு, நின்னுகினே வேல செய்யறமே அதனாலதான்னு விட்டுட்டேன். நீ அழுதுகினு இருந்தவன் அழறத நிறுத்திட்ட. தூங்கிட்டான்னு நெனச்சேன் கண்ணு.

சாம்பல கொட்டலாம்னு கதவ தொறந்து ஒரு கால வெளிய வெச்சேன், அப்படியே வாசப்படியிலயே விழுந்துட்டேன். எதிர்வீட்டு ஆயா சத்தம் கேட்டு ஓடியாந்து உன்னையும் உங்கம்மாவையும் இழுத்து வெளிய போட்டுச்சு. உங்கம்மா வாந்தி எடுத்தா, நீ துணி மாதிரி தொவண்டு கெடந்த. ஆயா உன் முதுக தட்டிகினே இருந்துச்சு, எவ்ளோ நேரம்னு தெரியல, அப்பால ஒரு சத்தம் போட்டு அழுத பாரு, அந்த அழுக இன்னிக்கும் எனக்கு காதுல கேக்குது. விடியற வரைக்கும் மழையில நனைஞ்சிகினே உன்ன தோள்ல போட்டுகினு தெருவுலயே நின்னேன், உள்ள போக மனசு வரல.

அப்ப அது என்னான்னு எனக்கு தெரியாது. காத்து கருப்புன்னு நாலு பேரு நாலு சொன்னாங்க. உங்கக்கா நர்ஸ் படிச்சிட்டு வந்த அப்பறந்தான் வெவரம் சொன்னா. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வருமாம், நெறமும் இல்ல, வாசனையும் இல்ல. நம்ம ரத்தத்துல ஆக்சிஜன தூக்கிகினு ஓடற ஹீமோகுளோபின் இருக்குல்ல, அது ஆக்சிஜன விட இந்த வாயுவ 200 மடங்குக்கு மேல கெட்டியா புடிச்சிக்குமாம், அப்பறம் ஆக்சிஜனுக்கு எடமே இல்லாம உடம்பு உள்ளுக்குள்ளயே மூச்சு முட்டி போவும்னு சொன்னா. முக்கியமா ஒன்னு சொன்னா, புகை நின்னு கரி செவப்பா கனிஞ்சி மேல சாம்பல் பூத்து நிக்குதே, அப்பவும் அந்த வாயு வந்துகினுதான் இருக்கும், காத்து பத்தலன்னா இன்னும் அதிகமா வரும்னு. நான் ஏமாந்தது அங்கதான். புகை இல்லன்னா காத்து சுத்தம்னு நெனச்சேன்.

அதனால கராஜ் வேணாம், கதவ முழுசா தொறந்து வெச்சாலும் வேணாம். மழ பெஞ்சா அன்னிக்கு உள்ள இருக்கற அவன் அடுப்புல வெச்சிக்கோ, இல்ல இன்னொரு நாளைக்கு சுடு. சுட்டு முடிச்சி, கரி அணைஞ்சிட்ட மாதிரி இருக்கு, நனையாம உள்ள வெப்போம்னும் இழுக்காத, அது உள்ளுக்குள்ள ராத்திரி பூரா கனிஞ்சிகினு இருக்கும். நீங்க கீழ பேஸ்மெண்ட்ல படுக்கறீங்க, கராஜ் பக்கத்துலயே இருக்குது. இந்த வாயுவ கண்டுபுடிச்சி கத்தற அலாரம் ஒன்னு இருக்காமே, புகை அலாரம் வேற இது வேற, உங்க வீட்டுல இருக்கான்னு இன்னிக்கே பாரு, இருந்தா பட்டன அமுக்கி வேல செய்யுதான்னும் பாரு.

இத சொல்லிட்டேன்ல, இப்ப கொஞ்சம் மனசு ஆறுது. நீ சுட வேணாம்னு நான் சொல்லல கண்ணு. கரிய புடிச்சி வேல செய்யறவன் புள்ள நீ, ஊர் உலகம் தாண்டி போயும் உனக்கு அது மேல ஆச வந்துச்சேன்னு எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா. இங்க பாதி பேரு கேஸ் பெட்டிக்கு மாறிட்டாங்க, நான் இன்னும் கரிதான். கோழி மேல கருகி போச்சு உள்ள ரத்தம் நிக்குதுன்னு சொன்னியே, அதுக்கு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

நீ அவசரப்பட்டிருக்க. கரி மூட்டி இருவது முப்பது நிமிஷமாவது விடணும், கறுப்பு போயி மேல வெள்ளையா சாம்பல் பூக்கணும், அதுக்கு முன்னாடி எதையும் மேல வெக்காத. பத்த வெக்க மண்ணெண்ண மாதிரி எதையும் ஊத்தாத, கறியில அந்த வாடைதான் ஏறும், கைய வேற சுட்டுக்குவ. நீ போட்டோ அனுப்புனியே ஓட்ட போட்ட தகர டப்பா, அதுல கீழ பேப்பர கசக்கி போட்டு மேல கரிய நெரப்பி பத்த வெச்சா தானா புடிச்சிக்கும். அங்க இலயுதிர் காலத்துல காத்தே ஈரமா இருக்கும்னு சொல்ற, கரியும் ஈரத்த இழுத்துக்கும், மூட்டைய தரையில வெக்காம மூடி வை. ரெண்டு துண்ட எடுத்து ஒன்னோட ஒன்னு தட்டி பாரு, நல்லா வெந்து காஞ்ச கரி கணீர்னு கேக்கும், ஈரக்கரி சத்தமே வராது. நம்ம பக்கத்துல மூட்டம் போட்டு எடுக்கற வேலிகாத்தான் கரி அப்படி கேக்கும், நான் வாங்கும்போது தட்டி பாக்காம ஒரு மூட்ட கூட வாங்கனதில்ல.

அப்பறம் கனிஞ்ச கரிய பூரா பரப்பாத, ஒரு பக்கமா ஒதுக்கிடு. அந்த பக்கம் சூடு, இந்த பக்கம் வெறும் வெக்க. காலு தொடையெல்லாம் மொதல்ல வெக்க பக்கம் வெச்சி மூடி போட்டு உள்ள வேக விடு, கடசியா சூட்டு பக்கம் மாத்தி தோல மொறுமொறுன்னு ஆக்கு. நீ தலகீழா செஞ்சிருக்க. பாட்டில் சாஸ்ல சக்கர இருக்கு, அத கடசி அஞ்சு நிமிஷத்துல தடவு, மொதல்லயே தடவுனா கருகத்தான் செய்யும். பச்ச கோழி ஊறுன தயிர் மசாலாவ வெந்தது மேல ஊத்தாத. உங்கக்கா சொல்றா, ஒரு குத்தி பாக்கற தெர்மாமீட்டர் வாங்கிக்கோ, எலும்புல படாம நடு கறியில குத்தி 74 டிகிரி காட்டுனா கோழித்துண்டு வெந்துச்சு, கொத்துன மாட்டுக்கறின்னா 71.

குளிருல நேரம் அதிகமா புடிக்கும், கரியும் கூட வேணும். வெந்துச்சான்னு சும்மா சும்மா மூடிய தூக்கி பாக்காத, ஒவ்வொரு தடவையும் சூடு ஓடிடும். கீழ ஒரு ஓட்ட இருக்கும், மேல மூடியில ஒன்னு. கீழ வழியா காத்து போயி கரிய கனிய வெக்குது, மேல வழியா புகை வெளிய வருது. நான் பெட்டிய வண்டி ஓரத்துல காத்து வர பக்கம் ஓட்டைய திருப்பி வெப்பேனே, பாத்திருக்கியே, ரெண்டு நிமிஷத்துல உள்ள இருக்கற கரி குப்புன்னு செவந்துடும். ஜாஸ்தியா காஞ்சிட்டா திருப்பி வெச்சிடுவேன். அதே வேலதான். எல்லாம் முடிஞ்சதும் ரெண்டு ஓட்டையையும் சாத்திடு, காத்து இல்லாம கரி அணைஞ்சிடும், மிச்சம் அடுத்த தடவைக்கு ஆவும்.

அப்பறம் அந்த மரத்து எலைங்க. போட்டோல செவப்பும் மஞ்சளுமா பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா கிரில்லு கீழயே சருகு கெடக்குதே, ஒரு பொறி போதும். மொதல்ல பெருக்கிட்டு வீட்டு செவுத்துல இருந்து பத்தடி தள்ளி வை. சாம்பல ரெண்டு நாள் அப்படியே ஆற விட்டு தகர வாளியில கொட்டு. நான் ஒரு தடவ ஆறிடுச்சுன்னு கோணியில கட்டி வெச்சி, விடியறதுக்குள்ள கோணியில பாதி காணோம்.

கோழி மட்டும் சுடாத கண்ணு. உங்கம்மா சொல்ல சொன்னா, கத்திரிக்கா வை. நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா அங்க கெடைக்காது, 2023ல அதுக்கு புவிசார் குறியீடு குடுத்தப்ப உங்கம்மா நம்ம ஊட்டு காய்க்கே பரிசு வந்த மாதிரி தெரு பூரா சொன்னா. அங்க கெடைக்கற பெரிய குண்டு காய வாங்கி எண்ண தடவி ரெண்டு மூணு எடத்துல குத்தி விடு, இல்லன்னா வெடிக்கும். கரி மேல வெச்சி திருப்பிகினே இரு, தோலு கருகி உரிஞ்சி காம்பு பக்கம் அமுக்குனா பொதக்குன்னு உள்ள போவணும். அதோட ரெண்டு பச்சமொளகாவையும் சுடு. தோல உரிச்சிட்டு சின்ன வெங்காயம், உப்பு, துளி புளி, மேல பச்ச கடலெண்ண ஊத்தி கையாலயே பிசை. ஸ்பூன் வேணாம்னு ரெண்டு தடவ சொன்னா. சக்கரவள்ளிக்கெழங்க கரி ஒதுக்குன ஓரத்துல சாம்பல்ல பொதச்சி வை, நீங்க சாப்ட்டு முடிக்கறதுக்குள்ள வெந்துடும்.

கார்த்திகை வருது. நீ சின்ன புள்ளையில பனம்பாளைய வெட்டியாந்து குழியில போட்டு எரிப்போமே, நெருப்பு நல்லா புடிச்சதும் நான் மண்ண தள்ளி மூடுவேன், ஏம்ப்பா அணைக்கறன்னு அழுவ. காத்து போகாம மூடுனாதான்டா கரி ஆவும், விட்டா சாம்பலா போயிடும்னு சொல்லுவேன். அத பொடி பண்ணி பழைய வேட்டி துணியில சுருட்டி பனமட்ட நடுவுல வெச்சி கட்டி நெருப்பு வெச்சி சுத்துனா பொறி கொட்டும் பாரு, மாவளியோ மாவளின்னு தெரு பூரா கத்திகினு ஓடுவ, மாவளி அணையற வரைக்கும் நான் பின்னாடியே ஓடியாருவேன்.

அடுத்த தடவ சுடும்போது வீடியோ கால் போடு. உனக்கு டொரண்டோல சாயங்காலம் 5 மணின்னா இங்க ராத்திரி 2:30, பரவாயில்ல, நான் முழிச்சிகினு இருப்பேன். கறிய அப்பறம் காட்டு, மொதல்ல கிரில் எங்க நிக்குதுன்னு காட்டு.

அப்பா