அந்த ஒரே ஒரு ரன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பேஸ்பால் கட்டுரையைப் படித்தேன். தமிழில் யாராவது பேஸ்பால் பற்றி எழுதினாலே எனக்குச் சந்தோஷம்தான், அதனால் முதலில் நன்றி. ஆனால் ஓரியோல்ஸின் ஸாக் பிரிட்டனின் 2016 சீசன்தான் க்ளோசர்கள் (முன்னிலையில் இருக்கும்போது கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்து வீச்சாளர்கள்) ஆடியதிலேயே தலைசிறந்தது, ஏனென்றால் அவருடைய ஈ.ஆர்.ஏ. 0.54, டென்னிஸ் எக்கர்ஸ்லிக்கு 1990 இல் 0.61, ஆகவே கணக்கு முடிந்தது என்கிற மாதிரி கட்டுரையாளர் முடித்துவிட்டார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நான் பால்டிமோரில் இருக்கிறேன், ஓரியோல்ஸ் ரசிகன், அந்த வருஷம் பிரிட்டன் பந்து போடுவதைப் பார்க்கவென்றே கேம்டன் யார்ட்ஸ் மைதானத்துக்குப் போய் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவன். அவருக்கு மகுடம் கிடைத்தால் எனக்குக் கசக்குமா என்ன? கொடுத்த காரணம்தான் சரியில்லை.

ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், தன் கணக்கில் எத்தனை ரன் கொடுத்தார் என்ற சராசரி, குறைந்தால் நல்லது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் வருஷத்துக்கு 180, 200 இன்னிங்ஸ் போடுவார், அவருக்கு அது ஓரளவு நியாயமான அளவுகோல். க்ளோசர் போடுவது அறுபது, எழுபதுதான். பிரிட்டன் போட்டது 67 இன்னிங்ஸ், அவர் கணக்கில் எழுதிய ரன் 4. எக்கர்ஸ்லி 73⅓ இன்னிங்ஸ் போட்டார், 5 ரன். ஆறு மாத சீசனில் இந்த இரண்டு பேருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ரன் சார். எக்கர்ஸ்லிக்கு அதில் ஒன்றைக் கழித்துப் பாருங்கள், 0.49 ஆகிவிடும். பிரிட்டனுக்கு ஒன்றைக் கூட்டினால் 0.67. எங்கேயோ ஒரு சாயங்காலம் ஒரு பந்து ஃபீல்டரின் கையுறைக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் உங்கள் பட்டியல் தலைகீழ். இதை வைத்தா வரலாற்றிலேயே முதலிடம் கொடுப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிலீவர், அதாவது நடுவில் மாற்றாக வரும் பிட்சர், உள்ளே வரும்போது பேஸில் (ரன்னுக்காக ஓடித் தொட வேண்டிய இடங்களில்) ஏற்கெனவே எதிரணி ஆள் நின்றால், அந்த ஆள் ஓடி வந்து எடுக்கும் ரன் முன்னால் போட்ட பிட்சரின் தலையில்தான் விழும். அடுத்தவன் ரன்னைக் காப்பாற்றினாலும் கோட்டைவிட்டாலும் ரிலீவரின் ஈ.ஆர்.ஏ. அசையாது. தீயணைக்க வருகிறவனை மதிப்பிடுகிறோம், வந்தபோது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த வீடு என்ன ஆயிற்று என்று கேட்கவே மாட்டோம்.

ஈ.ஆர்.ஏ. மட்டும்தான் அளவு என்றால் ஃபெர்னாண்டோ ராட்னியை ஏன் விட்டீர்கள்? 2012 இல் டாம்பா பே அணிக்கு 48 சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துவைத்த கணக்கு), ஈ.ஆர்.ஏ. 0.60. எக்கர்ஸ்லியைவிடக் குறைவுதானே? தொப்பியைக் கோணலாக வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் வானத்தை நோக்கி இல்லாத வில்லில் அம்பு விடுவாரே, அவரேதான். முந்தின வருஷம் அவருடைய ஈ.ஆர்.ஏ. 4.50. அப்புறம் 2024 இல் கிளீவ்லாந்தின் எம்மானுவேல் கிளாஸே, 74⅓ இன்னிங்ஸில் 0.61. எக்கர்ஸ்லி, ராட்னி, கிளாஸே மூன்று பேரும் கொடுத்தது சரியாக ஐந்தைந்து ரன்தான், வகுக்கிற எண் மட்டும்தான் வேறு. அதே கிளாஸே அந்த அக்டோபர் பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களில்) 8 இன்னிங்ஸில் 8 ரன் கொடுத்தார், நியூயார்க் அணியின் ஆரன் ஜட்ஜும் ஸ்டான்டனும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள். (பின்னால் அவர்மேல் வந்த சூதாட்டக் குற்றச்சாட்டை நான் இதில் கலக்கவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை.) சீசன் முழுக்க ஐந்து, ஒரு பத்துப் பன்னிரண்டு நாளில் எட்டு. க்ளோசரின் எண்கள் அவ்வளவு மெல்லிய கயிற்றில்தான் தொங்குகின்றன.

சரி, பின் எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால் முதலில் வாக். வெளியே போகிற பந்தை நாலு தடவை போட்டு, அடிக்க வந்தவனைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவைப்பது. ஃபீல்டர் தப்பு, காற்று, மைதான அளவு என்று எந்தச் சாக்கும் சொல்ல முடியாத விஷயம் அது. 1990 இல் எக்கர்ஸ்லி வருஷம் முழுக்கக் கொடுத்த வாக் நாலு. நாலே நாலு, அதிலும் ஒன்று வேண்டுமென்றே கொடுத்தது. 73 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவிடாமலே வெளியேற்றினார். பிரிட்டனுக்கு 74 ஸ்ட்ரைக் அவுட், ஆனால் 18 வாக். ஹிட்டையும் (அடித்து பேஸ் ஏறியதையும்) வாக்கையும் கூட்டினால் எக்கர்ஸ்லி விட்டது 45 பேர், பிரிட்டன் குறைவான இன்னிங்ஸில் 56 பேர். இந்த இடைவெளி ஒரு பந்து இரண்டு அங்குலம் நகர்ந்தால் மறைகிற இடைவெளி இல்லை.

பிரிட்டன் பக்கமும் நியாயம் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். 47 வாய்ப்பில் 47 சேவ், ஒன்றுகூடக் கோட்டைவிடவில்லை. எக்கர்ஸ்லி 50க்கு 48. பிரிட்டனின் ஸிங்கர் என்கிற அந்தப் பந்து தொண்ணூற்றைந்து மைலுக்கு மேலான வேகத்தில் வந்து கடைசி நொடியில் கீழே விழும், அடித்தாலும் தரையில்தான் உருளும், மட்டையில் பட்ட பந்துகளில் ஐந்துக்கு நாலு அப்படித்தான் உருண்டன. எதிரணிகள் ஹோம் ரன்னாக விளாசிக்கொண்டிருந்த வருஷத்தில் அவர் கொடுத்தது ஒரே ஒரு ஹோம் ரன். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் ஒவ்வொரு பந்துக்கும் "இன்னொரு புழு செத்தது" என்று சொல்லிச் சிரிப்பார், தரையில் உருளும் பந்துக்கு இங்கே அப்படி ஒரு கேலி.

ஆனால் அந்த 47க்கு 47ஐ மட்டும் தூக்கிப் பிடிப்பதும் சரியில்லை. எரிக் கானியே 2003 இல் 55க்கு 55, அதுவும் 82⅓ இன்னிங்ஸில் 137 ஸ்ட்ரைக் அவுட்டோடு. (அவர் பெயர் பிறகு பேஸ்பாலில் ஊக்கமருந்து பற்றிய மிட்செல் அறிக்கையில் வந்தது, வளர்ச்சி ஹார்மோன் எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார், அதனால் அந்த சீசனை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன், நீங்கள் எப்படியோ.) பிராட் லிட்ஜ் 2008 இல் 41க்கு 41, பிளேஆஃபில் 7க்கு 7, ஃபிலடெல்ஃபியா கோப்பையும் வென்றது, ஆனாலும் அவருடைய 35 வாக்கைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு சேவும் வயிற்றில் புளி கரைத்துத்தான் முடிந்தது. சேவ் என்பதே ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகைக்காரர் உருவாக்கி 1969 இல்தான் அதிகாரபூர்வமான கணக்கு. மூன்று ரன் முன்னிலையோடு வந்து ஒரு இன்னிங்ஸ் போட்டு இரண்டு ரன் கொடுத்துவிட்டுப் போனாலும் சேவ்தான்.

அந்தக் கணக்கு ஆட்டத்தையே எப்படி மாற்றியது என்பதற்கு பிரிட்டனின் அதே வருஷமே சாட்சி, கட்டுரை அதைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2016 அக்டோபர் 4, டொரன்டோவில் வைல்டு கார்டு ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. 2-2 என்று சமன், அதனால் ஆட்டம் ஒன்பதைத் தாண்டிப் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போகிறது. எங்கள் மேனேஜர் பக் ஷோவால்டர் ஒவ்வொருவராக ரிலீவர்களை இறக்குகிறார், பிரிட்டன் மட்டும் வரவில்லை. ஏன்? வெளியூர் ஆட்டம், கடைசியாக மட்டை பிடிப்பது எதிரணிதான், நாம் முன்னிலை எடுத்த பிறகு சேவ் பண்ண ஆள் வேண்டும் என்று பிடித்து வைத்திருந்தார். கடைசியில் வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்குகிற உபால்டோ ஹிமெனஸ் வந்தார், மூன்று பேருக்குப் போட்டார், மூன்று பேரும் அடித்தார்கள், மூன்றாவது ஆள் என்கார்னாசியோன், மூன்று ரன் ஹோம் ரன், 5-2, சீசன் முடிந்தது. அந்த வருஷத்தின் மிகச் சிறந்த ரிலீவர் ஒரு பந்துகூடப் போடவில்லை. அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு நான் சமையலறையில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தேன். சில நாள் கழித்து அதே பிளேஆஃபில் கிளீவ்லாந்து, ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸிலெல்லாம் இறக்கி அமெரிக்கன் லீகை வென்றது. சேவ் வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் மில்லருக்குத்தான்.

அதனால்தான் பழைய ஆட்களைப் பார்க்காமல் இந்தப் பட்டியலே போட முடியாது என்கிறேன். 1974 இல் மைக் மார்ஷல் 106 ஆட்டத்தில் 208⅓ இன்னிங்ஸ் போட்டு, ரிலீவராக சை யங் விருது (வருஷத்தின் சிறந்த பிட்சருக்கானது) வாங்கிய முதல் ஆள் ஆனார். அதற்கு முந்தின வருஷம் டெட்ராய்ட்டில் ஜான் ஹில்லர், மாரடைப்பு வந்து இரண்டே வருஷம்தான் ஆகியிருந்தது, 125⅓ இன்னிங்ஸில் 38 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.44. அப்புறம் 1984, அதே டெட்ராய்ட், வில்லி ஹெர்னாண்டஸ். 80 ஆட்டம், 140⅓ இன்னிங்ஸ், 33 சேவ் வாய்ப்பில் 32, ஈ.ஆர்.ஏ. 1.92, சை யங், எம்.வி.பி. (லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது இரண்டும், மேலே உலகத் தொடர் கோப்பையும். பிரிட்டன் போட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 1.92 என்ற எண் 0.54க்குப் பக்கத்தில் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் ஏழாவது இன்னிங்ஸில் சிக்கல் வந்தாலும் கூப்பிடலாம், நாளைக்கும் கூப்பிடலாம் என்ற நிலையில் ஒரு ஆள் இருந்தால் அணிக்கு அது என்ன மாதிரி நிம்மதி என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. 2016 அக்டோபரில் எங்களுக்கு இல்லாமல் போனது அதுதான்.

ஒரு இன்னிங்ஸ் க்ளோசர்களில் என் கணக்கில் முதலிடம் எக்கர்ஸ்லிக்கு, பிரிட்டன் கிட்டத்தட்ட தோளோடு தோளாக இரண்டாவது. மொத்த ரிலீவர்களில் கேட்டால் ஹெர்னாண்டஸ். கட்டுரையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும், பரவாயில்லை, ஆனால் அடுத்த முறை இதைத் தொடும்போது ஹெர்னாண்டஸுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள். அவர் 2023 இல் காலமானார், இங்கே பத்திரிகைகளிலேயே அதிகம் யாரும் எழுதிப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

அன்புடன்,
ஒரு ஓரியோல்ஸ் ரசிகன்,
பால்டிமோர்