ஹட்டன் பழைய மாணவர் குழு: கம்பியூட்டர் அறைக்கு லினக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம்.

பாடசாலையில் உள்ள எட்டுப் பழைய கம்பியூட்டர்களில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட்டும், எம்எஸ் ஆபிஸுக்குப் பதிலாக லிப்ரே ஆபிஸும் போடுகிறோம். இரண்டும் இலவசம். அதிபர் சம்மதித்துவிட்டார். களவுக் கொப்பி இல்லை, பிள்ளைகள் வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.

செப்டம்பர் 19, சனி, காலை 9 மணி. செப்டம்பரின் மூன்றாவது சனி என்பதால், எவரும் பாவிக்கவும் பகிரவும் கூடிய இப்படியான மென்பொருட்களைக் கொண்டாடும் மென்பொருள் சுதந்திர தினமும்கூட; தற்செயலாக அமைந்தது.

1. மின்ட்டை ஏற்றுவதற்கு 8 ஜிபி பென் டிரைவ் கொண்டுவாருங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், கல்யாணப் போட்டோவோடு தராதீர்கள்.
2. மின்ட் கிட்டத்தட்ட 3 ஜிபி. கொழும்பில் இருப்பவர்கள் யாராவது டவுன்லோட் செய்து வரவும். இங்கே மழைக்குச் சிக்னல் எப்படி என்று தெரியும்தானே.
3. ஆசிரியர்களின் வினாத்தாள்களை முதலில் கொப்பி எடுப்போம். பாதிக்கு மேல் பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்ட்டில் அடித்தவை. அந்த ஃபொன்ட் இல்லாவிட்டால் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எந்தக் கம்பியூட்டரிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றத் தெரிந்த இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

வருபவர்கள் புதன் இரவுக்குள் "வருகிறேன்" என்று எழுதுங்கள், சோற்றுப் பார்சல் சொல்ல வேண்டும். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் எடுக்கமாட்டேன்.