கழுத்தில் சாம்பல் துண்டு போட்ட காகம்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய காகத்தின் படத்தை மூன்று நாளாகத் திறந்து திறந்து பார்க்கிறேன். தலை, சிறகு, வால் எல்லாம் கருப்பு. பிடரியிலும் மார்பிலும் மட்டும் அழுக்குத் துண்டைச் சுற்றியது போல ஒரு சாம்பல். அதையும் பெரிதாக்கிப் பார்த்தால் இறகுக்கு இறகு நடுவில் மை ஒழுகியது போலக் கோடு. "இது என்னம்மா, நோயா?" என்று கேட்டிருந்தாய். நோயெல்லாம் இல்லை, அது கலப்பு. ஐரோப்பாவின் மேற்கே இருப்பது முழுக்கருப்புக் காகம், கிழக்கே இருப்பது சாம்பல் உடம்புக் காகம். ஜெர்மனியில் இரண்டும் சந்திக்கும் கோடு ஏறக்குறைய எல்பே ஆற்றை ஒட்டித்தான் ஓடுகிறது. நீ அங்கே வேலைக்குப் போனது எனக்குத்தான் யோகம். இத்தாலியின் வடக்கிலும் இதே சந்திப்பு உண்டு. அங்கே ஆல்ப்ஸ் மலைப்பக்கம் கருப்பு, கீழே சமவெளியில் சாம்பல்.

"சேர்ந்து குஞ்சு பொரிக்கிறது என்றால் இரண்டும் ஒரே இனம்தானே?" என்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதம். பறவைகளை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது, அவை நிற்கும் நிலத்தையும் பார்க்க வேண்டும்.

வட அமெரிக்காவின் நடுவில் பெரும் புல்வெளி. மரத்தில் கூடு கட்டும் பறவைக்கு அது கடல் மாதிரி. குடியேறியவர்கள் வந்து புல்வெளித் தீயை அடக்கினார்கள், பண்ணையைச் சுற்றி மரம் வைத்தார்கள், ஆற்றோரங்களில் மரம் அடர்ந்தது. கிழக்கின் பால்டிமோர் ஒரியோலும் மேற்கின் புல்லக்ஸ் ஒரியோலும் அந்த மரங்களில் கலக்க ஆரம்பித்தன. அதைப் பார்த்துவிட்டு 1973-இல் அமெரிக்கப் பறவையியலாளர்கள் இரண்டையும் ஒரே இனமாக்கினார்கள். ஆனால் கலப்பு ஒரு குறுகிய பட்டையைத் தாண்டிப் பரவவே இல்லை. 1995-இல் மறுபடியும் பிரித்துவிட்டார்கள்! பறவைக்கு இதெல்லாம் தெரியவா போகிறது?

எனக்கு எப்போதும் பிடித்தது பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னே மேஜர் தீவுதான். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் பல பத்தாண்டுகள் அந்தப் பாறைத் தீவில் ஃபிஞ்சு என்ற சின்னப் பறவைகளுக்கு வளையம் மாட்டி, தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்தார்கள். அங்கே தரை ஃபிஞ்சுக்கு விதை உடைக்கும் தடித்த அலகு. கள்ளி ஃபிஞ்சுக்குக் கள்ளிப்பூவைக் குடையும் நீண்ட அலகு. ஆண் குஞ்சு அப்பாவிடம் பாட்டைக் கற்கும். பெண் பெரும்பாலும் பாட்டைக் கேட்டுத்தான் ஜோடி சேரும். எப்போதாவது ஒரு குஞ்சு பக்கத்துக் கூட்டுக்காரனின் பாட்டைப் பிடித்துக்கொள்ளும். (நீயும் சின்ன வயதில் அடுத்த வீட்டு அக்கா மாதிரியே பேசிக்கொண்டு திரிந்தாய்.) அங்கேதான் கலப்பு தொடங்குகிறது.

பிறந்த கலப்புக் குஞ்சுகளுக்கு இரண்டுங்கெட்டான் அலகு. பெரிய, கடினமான விதைகளே மிஞ்சும் வறண்ட வருடங்களில் அவை இனப்பெருக்கம் வரை தாக்குப்பிடிக்கவில்லை. 1982 கடைசியில் எல் நினோ வந்தது, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம். 1983 முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. கொடிகள் கள்ளியின் மேல் ஏறி மூடின, சின்னச் சின்ன விதைகள் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தன. அதற்குப் பிறகு அதே இரண்டுங்கெட்டான் அலகுக்காரர்கள் மற்றவர்களுக்குச் சமமாகப் பிழைத்தார்கள், குஞ்சும் பொரித்தார்கள். அலகு மாறவில்லை, தரையில் கிடந்த விதைதான் மாறியது. கலப்புப் பிறவி என்றாலே சோப்ளாங்கி என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தத் தீவுதான் ஞாபகம் வரும்.

சரி, உன் காகத்துக்கு வருகிறேன். வசந்தத்தில் கூடு கட்டும்போது அது யாரோடு ஜோடி சேர்கிறது என்று பார்த்து வை: கருப்பா, சாம்பலா, தன்னைப் போலவே துண்டு போட்டதா? அப்புறம், அடுத்த முறை கொஞ்சம் தள்ளி நின்று படம் எடு. மரம், வயல், ஆறு எல்லாம் விழட்டும். போன படத்தில் காகம் மட்டும்தான் இருந்தது.

அன்புடன்,
அம்மா