முதலீட்டு விகிதம்: எந்த விலையில், எந்த முதலீடு?

அன்புள்ள மாணிக்கம்,

நலம்தானே? கடிதமும் நீ தயாரித்த அட்டவணையும் கிடைத்தன. ஒரே ஆண்டுக்கு ஓரிடத்தில் இந்தியாவின் ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தி) 33 சதவீதம் முதலீடு, இன்னோரிடத்தில் 30 சதவீதம் என்று வருவதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறாய். இரண்டும் அரசு வெளியிட்ட எண்களே. 33-ஐ ஒட்டியது நிலையான விலையில், அதாவது அடிப்படை ஆண்டின் விலையில்; 30-ஐ ஒட்டியது நடப்பு விலையில், அதாவது அந்தந்த ஆண்டின் விலையில்.

நீ எடுத்த தொடருக்கு 2011-12 அடிப்படை ஆண்டு என்பதால் அந்த ஆண்டில் இரண்டும் ஒன்றே, சுமார் 34. பிறகு முதலீட்டுப் பொருள்களின் விலை பொதுவான விலையைவிட மெதுவாக ஏறியது. அதனால் பழைய விலையில் கணக்கிட்டால் முதலீட்டின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. பங்கைச் சொல்ல நடப்பு விலை, வளர்ச்சியைச் சொல்ல நிலையான விலை, இதை மாற்றாதே.

அடுத்தது, விகிதத்தில் மேலே வைக்கும் எண், அதாவது முதலீடு. மொத்த நிலையான மூலதன ஆக்கம் என்பது கட்டடம், இயந்திரம், மென்பொருள், ஆராய்ச்சி போன்றவை. அதனுடன் சரக்கிருப்பு மாற்றமும் தங்கம் போன்ற மதிப்புப் பொருள்களும் சேர்ந்தால் மொத்த மூலதன ஆக்கம். தி.நகரில் குடும்பங்கள் வாங்கும் தங்கம் இந்த இரண்டாவதில் நுழைந்துவிடும். தங்க இறக்குமதி எகிறிய ஆண்டில் ஒரு தொழிற்சாலைகூடக் கூடாமல் விகிதம் ஏறலாம். உற்பத்தித் திறனைப் பற்றி எழுதுகிறாய் என்றால் முதலாவதையே எடு.

எல்லாப் பணமும் முதலீடாகாது. அண்ணா நகரில் பழைய வீடு கைமாறினால் விற்றவரின் கழித்தல் வாங்கியவரின் கூட்டலை அடித்துவிடும். தரகு போன்ற கைமாற்றுச் செலவு மட்டுமே மிஞ்சும். மனையின் விலை சேராது, பங்குச் சந்தையில் போட்ட பணமும் சேராது. 2024 ஜனவரியில் இங்கே நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் ஒப்பந்தமாகக் கையெழுத்தான 6.64 லட்சம் கோடி ரூபாயும் உடனே சேராது. சுவர் எழும்பி இயந்திரம் வந்து இறங்கும் ஆண்டில்தான் அது கணக்கில் ஏறும். சென்னை மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் 63,246 கோடியும் வேலை முடிந்த அளவுக்கே ஆண்டுவாரியாகப் பிரியும். அதிலும் நிலத்துக்குக் கொடுத்த பணத்தைக் கழித்துவிட வேண்டும்.

வீடு கட்டுவோர் ஒவ்வொருவரிடமும் போய்ச் செலவு கேட்பதில்லை. சிமெண்ட், இரும்பு, செங்கல், மரம் எவ்வளவு புழங்கியது என்பதிலிருந்தே பெரும்பாலும் கட்டுமானத்தை மதிப்பிடுகிறார்கள். அதனால் முதல் மதிப்பீட்டை நம்பி அரைச் சதவீத மாற்றத்துக்கெல்லாம் காரணம் தேடாதே, திருத்தம் வரும்.

காலாண்டு எண்ணாக இருந்தால் நான்கையும் கூட்டியபின் வகு. விகிதத்தின் கீழே சந்தை விலை ஜிடிபி இருக்கட்டும். பொருள் வரிகளைக் கழித்து மானியங்களைக் கூட்டிய மொத்த மதிப்புக் கூட்டல் அதைவிடச் சிறியது; அதை வைத்தால் விகிதம் தானாகவே உயரும்.

அட்டவணையின் ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும் விலை, தொகுதி (மேலே வைத்த எண்), அடிப்படை ஆண்டு மூன்றையும் எழுதித் திருப்பி அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்
சென்னை