பேட்டரியைப் பட்டினி போடச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், 'மாதம் ஒருமுறை செல்போன் பேட்டரியைச் சுத்தமாகத் தீரவிட்டு, பிறகு முழுசாகச் சார்ஜ் செய்தால் ஆயுள் கூடும்' என்று போட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாகப் போன் பழுது பார்க்கிறவன் நான். படித்ததும் மனசு ஆறவில்லை.

அது நிக்கல் காட்மியம் என்ற பழைய வகை பேட்டரிக்குச் சொன்ன யோசனை. இப்போதைய போன்களில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி; அது 1991-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அதை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தபோது நீங்களே விரிவாக எழுதினீர்கள். உங்களுக்குத் தெரியாததா? எப்போதாவது தீரவிட்டு ஏற்றினால் திரையில் காட்டும் சதவீதக் கணக்கு சரியாகும். பேட்டரிக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

போன வருடமும் இதையே போட்டீர்கள். அதை நம்பிய ஓர் அம்மா, பையனின் டேப்லெட்டைத் தீரவிட்டு, பரீட்சை முடியட்டும் என்று அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார். பல மாதம் கழித்து என்னிடம் கொண்டுவந்தார். சும்மா கிடந்தாலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அளவுக்கு மீறி இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையும். மறுபடி சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அவர் இரண்டு நாள் சார்ஜரில் போட்டுப் பார்த்திருக்கிறார். பேட்டரி உப்பி, திரையின் ஓரம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. திறந்தால் நெயில் பாலிஷ் போல ஓர் இனிப்பு வாசனை. "என்மேல்தான் தப்பா தம்பி?" என்று அவர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றே உங்களுக்கு எழுதினேன். ஒரு வரிகூட வரவில்லை.

அப்புறம், எங்கே பேட்டரி உப்பினாலும் எரிந்தாலும் 'பயன்படுத்தியவரின் அலட்சியம்' என்று உங்கள் நிருபர்கள் எழுதிவிடுகிறார்கள். 2016-இல் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றார்களே, அதில் வாங்கியவர் செய்த தவறு என்ன? முதலில் வந்த பேட்டரிகளில் மூலையில் தகடு மடங்கியிருந்தது, மாற்றிக் கொடுத்தவற்றில் வெல்டிங் பிசிறு. இரண்டையும் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. சூடும், முழுச் சார்ஜிலேயே நாள்கணக்கில் வைத்திருப்பதும் பேட்டரியைக் கெடுக்கும், மறுக்கவில்லை. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாவதால்தான் உப்புகிறது. ஆனால் வெயிலில் சூடேறும் போனைச் செய்தவர்கள், பேட்டரியைக் கழற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டியவர்கள் பற்றி நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். நாள்கணக்கில் எடுத்து வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைக்கவும், உப்பிய பேட்டரியை அழுத்தவோ ஊசியால் குத்தவோ வேண்டாம் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். உங்கள் பக்கத்தைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருந்த ஒருவர் நேற்றுதான் என்னிடம் வந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்