அலுமாரிக்கு மேலிருந்த சில்லுச் சப்பாத்து

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் இரண்டு தரம் போட்டுக் கேட்டோம். ஜனவரியில் பாரிஸிலிருந்து மூன்று சிநேகிதர்களோடு வருகிறாய், சித்தி வீட்டுப் பிள்ளைகள் நான்கு, மாமி வீட்டில் மூன்று, ஆக மொத்தம் 11 பேர் சில்லுச் சப்பாத்து, அதுதான் ரோலர் ஸ்கேட்ஸ், போட்டுக்கொண்டு கொழும்பைச் சுற்றப் போகிறீர்கள், "அப்பா 26 வருஷம் பஸ் ஓட்டினவர்தானே, நல்ல றோட்டாப் பார்த்துச் சொல்லுங்கோ" என்கிறாய். கேட்டது நல்லதாகப் போயிற்று. நீ மெப்பில் கீறி அனுப்பிய கோடு, அதுதான் வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவால் போய், இடையில் காலி நகருக்குப் போகிற காலி வீதிக்கு ஏறி, காலிமுகத்திடலில் முடிகிற கோடு, படம் எடுக்க நல்லது. ஓட நல்லதில்லை.

பாரிஸில் வெள்ளிக்கிழமை இரவு மொன்பர்னாஸ் பக்கம் நீங்கள் கூட்டமாக ஓடப் புறப்படும்போது பொலிஸ் கூட வரும், சந்திகளில் வாகனத்தை மறிப்பார்கள், நிலம் ஈரமென்றால் அன்றைக்கு ஓட்டமே இல்லை என்று நீதான் சொன்னாய். இங்கே உங்களுக்காக யாரும் எதையும் மறிக்கப் போவதில்லை. போதாததற்கு, இங்கே ஓட்டுகிறவனுக்கு உங்களை அடையாளமே தெரியாது. சைக்கிளைத் தெரியும், தள்ளுவண்டியைத் தெரியும், மாட்டைக்கூடத் தெரியும். சைக்கிள்காரன் ஒரு கோட்டில் போவான் என்று கணக்குப் போட்டுத்தான் அவனை ஒட்டி வெட்டி எடுப்போம். நீங்கள் ஒவ்வொரு எட்டுக்கும் காலை இரண்டு பக்கமும் எறிகிறீர்கள். அந்த அகலம் எங்கள் கணக்கில் இல்லை. நான் 101ஆம் இலக்க பஸ்ஸில் இருந்த காலத்தில் உங்களைப் போல ஒரு கூட்டம் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஹோர்ன் அடித்திருப்பேன். வேறொன்றும் தோன்றியிருக்காது.

அதனால் காலி வீதியை விட்டுவிடு, எந்த நேரமென்றாலும். 100உம் 101உம் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்து பஸ் ஹோல்ட்டைக் கண்டதும் இடப்பக்கம் ஒடிக்கும். நீங்கள் போவதும் அதே இடப்பக்கம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மரைன் டிரைவ் விஷயம் வேறு. அது உனக்கு ஏன் பிடிக்கும் என்று தெரியும், ஒரு பக்கம் தண்டவாளம், அதற்கங்கால் கடல், காற்று. ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி முழுக்க காலி வீதியிலிருந்து இறங்குகிற ஒழுங்கை ஒவ்வொன்றும் அதில்தான் வந்து விழுகிறது. காலையில் பால் வாங்கப் போகிற ஓட்டோ நின்று பார்த்துத் திரும்புவதில்லை. போன கிழமை ஆறரை மணிக்கு எங்கள் ஒழுங்கை வாசலில் கால் மணித்தியாலம் நின்று எண்ணினேன். 14 வாகனம் வந்தது, நின்று பார்த்துத் திரும்பியது 3. இன்னும் ஒன்று, காற்றோடு வருகிற மணல். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

அந்த ஒழுங்கை வாசல் உனக்கும் ஞாபகம் இருக்கும். 13 வயதில் அந்த இறக்கத்தில் வந்து நிறுத்தத் தெரியாமல் விழுந்து மணிக்கட்டை முறித்தாயே. நான் டியூட்டியில் இருந்தேன், செய்தி கிடைத்தபோது பஸ் புறக்கோட்டையில் நின்றது. ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, வீட்டுக்கு வந்துதான் அந்தச் சப்பாத்தை அலுமாரிக்கு மேலே ஒளித்து வைத்தேன். எறிந்துவிட்டேன் என்று உனக்குச் சொன்னது பொய். இறக்கம் ஒரு சந்தியில் போய் முடிகிற பாதையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. உனக்கு நான் அதை அன்றைக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும், ஏசாமல் இருந்தது மட்டும் போதாது.

சப்பாத்து இன்னும் இருக்கிறது. அதை ஒரு சீலைப்பையில் போட்டுக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை கறுவாத்தோட்டப் பகுதி றோட்டுகள் முழுக்க நடந்தேன். குனிந்து ஒரு கையால் அதைத் தாரில் உருட்டிப் பார்ப்பேன். நல்ல தாரென்றால் சத்தமே வராது, கையில் ஒரு மெல்லிய சிலிர்ப்பு மட்டும்தான். பழைய தாரில் பல்லுக் கூசும். நடைபாதையில் பதித்திருக்கிற இன்டர்லொக் கல்லில் கடகடவென்று மணிக்கட்டு வரை ஆடும், அதனால் நடைபாதை பாதுகாப்பு என்று நினைத்து ஏறிவிடாதே. ஒரு இடத்தில் வடிகான் மூடியின் கம்பி இடைவெளிக்குள் சில்லு அப்படியே இறங்கி நின்றுவிட்டது. சில்லின் அகலம் 24 மில்லிமீற்றர்தான், இடைவெளி அதைவிடக் கொஞ்சம் கூட, கம்பிகளும் றோட்டின் நீளத்துக்கே ஓடுகின்றன. கையில் இருந்ததால் சிரித்தேன். ஒரு காவலாளி வந்து பையில் என்ன என்று கேட்டார், காட்டினேன், அவருக்கும் சிரிப்பு. அந்த மூடிக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் போட்டிருக்கிறேன், ஓடும் நாளுக்கு முதல் நாள் சோக்கட்டியால் வட்டம் போட்டுவிடுவேன்.

சரி, பாதை. சுதந்திர சதுக்கத்தில் ஒன்றுகூடுங்கள். வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது, புதிதாகப் பழகுகிறவர்கள் அங்கேயே ஓரமாக நின்று கால் சரிபார்க்கலாம். சுதந்திர நினைவு மண்டபத்தின் தளத்தில் மட்டும் சில்லோடு ஏற வேண்டாம், அது மரியாதையில்லை. அங்கிருந்து விகாரமகாதேவி பூங்காப் பக்கம் போய், பூங்கா எப்போதும் உங்கள் இடது கையில் இருக்கிற மாதிரிச் சுற்றி வாருங்கள். இங்கே இடப்பக்க ஓட்டம், ஆகவே இடப்பக்கம் திரும்பினால் எதிரே வருகிற வாகனத்தைக் குறுக்கறுக்கத் தேவையில்லை. உங்கள் பாரிஸில் இது தலைகீழ், உன் சிநேகிதர்களுக்கு இதை இரண்டு தரம் சொல். பூங்காவின் ஒரு பக்கம் நகர மண்டபம், இன்னொரு பக்கம் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. நாங்கள் அதை இன்னும் கிறீன் பாத் என்றுதான் சொல்வோம், நடைபாதையில் ஓவியம் விற்கிறார்களே, அந்த றோட்டு. அந்தப் பக்கத்தில் இருக்கிற மியூசியம் திறந்ததும் குமாரசுவாமி பிறந்ததும் ஒரே வருஷம், 1877. மாமியின் சின்னவன் இதைக் கேட்டால் பத்துத் தரம் சொல்லிக்கொண்டு திரிவான். எது ஒருவழி, எது இருவழி என்று அந்தக் கிழமை பலகையைப் பார்த்து நான் உறுதி செய்கிறேன்.

ஒரு சுற்று போதாது என்பாய். இரண்டு, மூன்று சுற்று போ, ஆனால் சுற்றை நீட்டாதே. சின்னச் சுற்றென்றால் களைத்தவன் ஒரு முடக்கில் நின்றுவிடலாம், அடுத்த தரம் வரும்போது சேர்ந்துகொள்ளலாம். நீண்ட பாதையில் களைத்தவன் பின்னுக்கு விழுவான், அவனைப் பிடிக்க இன்னொருவன் திரும்புவான், அங்கேதான் அடிபடும். 11 பேரில் ஆக மெதுவாக ஓடுகிறவன் யார் என்று பார்த்து அவனுக்காகவே பாதை போடு. மாமியின் மூத்தவளுக்கு இன்னும் நிறுத்தத் தெரியாதாம். புல்லில் ஏறித்தான் நிற்கிறாளாம்! வருவதற்கு முன் அவளுக்கு வீடியோவில் சொல்லிக்கொடு, பிரேக் பழகாமல் றோட்டுக்கு வரக் கூடாது.

முன்னால் நீ போகாதே. பாதை தெரிந்த, அவசரமில்லாத ஒருவர் போகட்டும். நீ கடைசியில் வா, உன்னைத் தாண்டி யாரும் பின்னுக்குப் போகக் கூடாது. ஊரில் தேர் இழுக்கும்போது வடம் பிடிக்க நூறு பேர் நிற்பார்கள், ஆனால் தேர் பத்திரமாக இருப்பிடத்துக்கு வருவது முட்டுக்கட்டை போடுகிறவனின் கையில். ஓடுகிற இடத்தில் இரண்டு பேருக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், சந்திக்கு முன்னால் எல்லோரும் நின்று ஒன்றாகத்தான் கடக்க வேண்டும், பாதிக் கூட்டம் அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம் என்று கூடாது. பாதசாரிக் கடவை என்றாலும் கையைக் காட்டி, ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான்.

நேரம், ஞாயிறு காலை ஆறரை. அதற்கு முன் வெளிச்சம் போதாது, எட்டு மணிக்கு மேல் டியூஷனுக்குப் பிள்ளைகளை ஏற்றுகிற வாகனங்கள் வந்துவிடும். பௌர்ணமிப் போயா தினத்தில் றோட்டு இன்னும் வெறுமையாக இருக்கும், சாராயக் கடையும் பூட்டு, ஆனால் கங்காராமய விகாரைப் பக்கம் சனம் நிறையும், அந்தப் பக்கம் போகாமல் விட்டால் அதுவும் நல்ல நாள்தான். ஜனவரியில் கொழும்பில் மழை குறைவு. இரவு தூறியிருந்தால் மட்டும் கடவைப் பெயின்டும் இரும்பு மூடிகளும் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், மரத்துக்குக் கீழே ஈர இலைக் குவியல் இருக்கும். அப்படியென்றால் அன்றைக்கு ஓட்டமில்லை, அம்மா புட்டு அவிப்பாள், எல்லோரும் இங்கே வாருங்கள். கறுவாத்தோட்டம் பொலிஸுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதிக் கொடுத்து வைக்கப் போகிறேன், 11 பேர் என்று. அம்புலன்ஸ் நம்பர் 1990, காசில்லை, எல்லோரும் போனில் போட்டு வைக்கட்டும்.

நான் நகர மண்டப முடக்கில் மடக்குக் கதிரை போட்டு, பிளாஸ்கில் பிளேன்ரீயோடு இருப்பேன். எண்ணிக்கொண்டிருப்பேன், ஒவ்வொரு சுற்றிலும் 11 வர வேண்டும்.

வரும்போது மணிக்கட்டுக் கவசம் மூன்று சோடி சின்ன அளவில் கொண்டு வா. அப்புறம், உன் பழைய சப்பாத்தை மாமியின் மூத்தவள் போட்டுப் பார்த்தாள், காலுக்கு அளவாக இருக்கிறது, 37. சில்லு சுத்துகிறது, பிரேக் ரப்பர் மட்டும் காய்ந்து தூளாகிவிட்டது. படம் அனுப்புகிறேன், அதே மாதிரி அங்கே கிடைத்தால் இரண்டு வாங்கி வா.

அப்பா