மாத்திரை கொடுத்துவிட மாட்டேன்

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் முடிந்து துபாய் திரும்பும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் உன் கால் வலிக்கு என் கால் எரிச்சல் மாத்திரையில் இரண்டு அட்டை கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய். கொடுத்துவிட மாட்டேன். நான் ராத்திரி போடும் பிரீகாபலின் அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. டாக்டர் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோனால் ஏர்போர்ட்டில் மாட்டுவது அந்தப் பிள்ளைதான். அப்புறம் அவன் உம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பது?

அது இருக்கட்டும். உன் நோவும் என் நோவும் ஒன்றில்லை என்றே தோன்றுகிறது. எனக்கு இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி சாக்ஸ் போடும் அளவுக்கு ஏறி வந்த எரிச்சல். பகலில் மறந்திருப்பேன், படுத்தால் ஆரம்பித்துவிடும். போர்வை பட்டாலே சுரீர் என்கும். வருஷக்கணக்கான சர்க்கரை நரம்பைக் கெடுத்ததால் வந்தது. உனக்கோ வலது காலில் மட்டும். மூன்றாவது, நாலாவது விரலுக்கு அடியில், சிப்பித் துண்டை மிதித்துக்கொண்டே நடப்பது போல. ஷூவைக் கழற்றித் தேய்த்துவிட்டால் அடங்குகிறது என்கிறாய்.

உன் வாய்ஸ் மெசேஜை ராமநாதபுரத்தில் என் டாக்டரிடம் போட்டுக் காட்டினேன். காலைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, ஆனால் மார்ட்டன் நியூரோமாவாக இருக்கலாம் என்றார். முன்பக்கம் இறுக்கும் ஷூவில் நாளெல்லாம் நின்றால் விரல்களுக்கு நடுவே போகும் நரம்பு நசுங்கித் தடித்துவிடுமாம். குடோனில் நீ போடும் இரும்பு முனை ஷூவைத்தான் சந்தேகப்படுகிறேன். விரல் விரிய இடமுள்ளதாக ஒன்று கேட்டு வாங்கு. உள்ளே விரல் மேட்டுக்குச் சற்றுப் பின்னால் வைக்கச் சின்ன மெத்தை கிடைக்கும். பெரும்பாலும் அதிலேயே குறையுமாம். குறையாவிட்டால் ஊசி, ஆபரேஷனெல்லாம் கடைசியில்தான்.

கணுக்காலின் உள்பக்கம் தட்டும்போது உள்ளங்காலில் ஷாக் அடித்தால் நசுங்குவது வேறு நரம்பு. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியென்றால் முதுகைப் பார்க்கவேண்டும். எதுவானாலும் அங்குள்ள டாக்டரிடம் காலைக் காட்டு. என் மாத்திரை வலியைக் குறைக்குமே தவிர நரம்பை நேராக்காது. தலை சுற்றும், தூக்கம் தள்ளும். அதைப் போட்டுக்கொண்டு நீ ரேக்கில் ஏறுவதை நினைத்தாலே உன் உம்மாவுக்குப் படபடப்பு.

வாப்பா எனக்குச் சர்க்கரை இருப்பதால் நீயும் ஒரு தடவை ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை டெஸ்ட், எடுத்துவிடு. 5.7-க்குக் கீழே என்றால் நிம்மதி, 6.5 தொட்டால் சர்க்கரைதான். கூடவே வைட்டமின் பி12-ம் பார்க்கச் சொல். அது குறைந்தாலும் கால் எரியும். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டால் குறையும் என்று எனக்கும் பார்த்தார்கள்.

என் காலைப் பற்றிக் கேட்டாயே. போனமுறை டாக்டர் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் அது வளையும்வரை அழுத்தி, தெரிகிறதா என்றார். குதிகாலில் தெரிந்தது. பெருவிரலில் அவர் அழுத்தியதே தெரியவில்லை. எரிச்சலைவிட இந்த மரத்துப்போனதுதான் பொல்லாதது. நம் தெருவில் அண்ணன் முறையுள்ள ஒரு காக்காவுக்கு மீன் வலைக்குப் போனபோது குத்திய முள் உணர்ச்சியில்லாமல் உள்ளேயே இருந்து, புண் புரையோடி ஒரு விரலை எடுக்கவேண்டியதாகிவிட்டது. அதனால் கடற்கரையில் வெறுங்காலோடு நடப்பதை விட்டேன். எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புத்தான். வெந்நீர் ஒத்தடமும் கிடையாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். தொழுகைக்கு ஒளு செய்யும்போதெல்லாம் விரலிடுக்கைக் கோதிக் கழுவிவிட்டு, துண்டால் ஈரம் போகத் துடைத்து ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன். உள்ளங்காலுக்கு உன் தங்கச்சி கண்ணாடி பிடிக்கிறாள், சலித்துக்கொண்டே.

மாத்திரைக்குப் பதில் ஓட்டுமாவும் தொதல் இனிப்பும் கொடுத்துவிடுகிறோம். சர்க்கரை ரிப்போர்ட் வந்த பிறகு தொதலைப் பிரி. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, உம்மாவுக்கு வேண்டாம்.

துஆவுடன்,
வாப்பா
கீழக்கரை